வசந்தப் பிரிவில் ஒரு தும்மல்

எங்கள் நகரத்துக்கு இரண்டே பருவங்கள். ஒன்று வெயில். மற்றொன்று மழையோடு கூடிய வெயில். இது இங்கே பிறந்து வளர்ந்த பூனைக்குட்டிக்குக்கூடத் தெரியும். இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேராத ஒரே இடம் நகர மகரந்த வாரியம்.

வாரியத்தைத் தொடங்கிய புண்ணியவான் யாரோ ஒரு குளிர்நாட்டுக்குச் சுற்றுப்பயணம் போயிருக்கிறார். அங்கே இருந்த மகரந்த வாரியத்தைப் பார்த்து மயங்கிப்போய், அதை அப்படியே பெயர்த்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பெயர்ப்பலகையின் நிறத்திலிருந்து கழிப்பறைத் தாழ்ப்பாள் வரை அங்கே எப்படியோ இங்கேயும் அப்படியே. அங்கே வருஷத்துக்கு நான்கு பருவம் என்பதால் இங்கேயும் நான்கு பிரிவுகள்: வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம். கோடைப் பிரிவில் இருப்பவர்களுக்கு வருஷம் பூராவும் வேலை. பாவம், மூக்கைச் சொறியக்கூட நேரமில்லை. மற்றப் பிரிவுக்காரர்கள் தங்கள் தங்கள் பருவம் வருவதற்காகப் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

தினமும் காலையில் வானொலியில் வாரியத்தின் அறிவிப்பு வரும். “இன்று நகரில் மகரந்தம் இல்லை. பொதுமக்கள் தாராளமாக மூச்சு விடலாம்.” இதைப் படிக்கும் பெண்மணிக்கு “தாராளமாக” என்ற சொல்லுக்குச் சற்று முன்னால் ஒரு தும்மல் வரும். சில நாள் இரண்டு. அது அவருடைய சொந்தத் தும்மல் என்பதால் வாரியம் அதில் தலையிடுவதில்லை.

இந்த அறிவிப்பைக் கேட்டுவிட்டு வானொலிப் பெட்டியோடு சண்டைக்குப் போன ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, நூலக்காதான்.

நூலக்கா என்பது தெரு வைத்த பெயர். கடைத்தெருவில் ஒற்றை அறையில் பெண்களுக்குப் புருவம் திருத்தும் கடை நடத்திவந்தார். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மீதியை இரண்டு கையிலும் முறுக்கிப் பிடித்து, தலையை முன்னும் பின்னும் அசைப்பார். வேண்டாத முடியெல்லாம் மரியாதையாக வெளியே வந்துவிடும். அவர் கை பட்ட புருவத்தோடு தெருவில் நடந்தால் எதிரே வருபவர்கள் ஏதோ நல்ல சேதி சொல்லப்போகிறார்கள் என்று நினைத்துச் சிரிப்பார்கள். அந்தக் கடையை அவர் சும்மா வைத்துவிடவில்லை. அண்ணியின் பெரிய அழகுநிலையத்தில் கீழே விழுந்த முடியைக் கூட்டிக் கூட்டி, அண்ணியின் வாய்க்குப் பயந்து பயந்து, ஒரு நாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே வந்து ஆரம்பித்த கடை.

கடைக்கு ஒரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம். அதற்கு ஏதாவது பெயர் இருக்கும்; யாரும் விசாரித்ததில்லை. சில காலமாக அதன் கிளை ஒன்று ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. வருஷத்தில் சில வாரங்கள் அந்தக் கிளையில் பழுப்பு நிறத்தில் குஞ்சம் குஞ்சமாகத் தொங்கும். காற்று லேசாகத் தொட்டால் போதும், மஞ்சள் தூள் கிளம்பி நேராகக் கடைக்குள் வரும். உள்ளே எத்தனை பேர் இருந்தாலும் நூலக்காவின் மூக்கைத்தான் தேடிப் போய் உட்காரும்.

அக்கா எல்லாம் செய்து பார்த்துவிட்டார். ஜன்னலைச் சாத்தினால் வாடிக்கையாளருக்கு வியர்த்து, நெற்றியில் போட்ட பவுடர் களியாகி, நூல் வழுக்கியது. முகமூடி போடலாம் என்றால் நூலைக் கடிக்க வாய் வேண்டும். மருந்துக்கடைக்காரர் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டதில் தும்மல் நின்றது உண்மைதான். ஆனால் நூலைக் கடித்தபடியே ஒரு வாடிக்கையாளரின் நெற்றியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். அந்த அம்மாள் நல்லவர். எழுப்ப மனசில்லாமல் அசையாமல் படுத்திருந்தார்.

எல்லோரும் அப்படி நல்லவர்களாக இருப்பார்களா? ஒரு வக்கீலம்மா வந்தார். இடது புருவம் முடிந்து வலது புருவம் பாதியில் இருக்கும்போது காற்று வந்தது. அக்காவுக்கு அடுக்குத் தும்மல். நூல் ஒரு இழுப்பு இழுத்ததில் வலது புருவத்தின் நடுவில் ஒரு சந்து விழுந்துவிட்டது. வக்கீலம்மா கண்ணாடியை வாங்கிப் பார்த்தார்.

“என்னக்கா இது? ஒரு பக்கம் சாதாரணமா இருக்கேன், ஒரு பக்கம் சந்தேகப்படுற மாதிரி இருக்கேன். நாளைக்கு நான் என் கட்சிக்காரருக்காகப் பேசுறதா, அவரைக் குறுக்கு விசாரணை பண்றதா?”

“மன்னிச்சுக்கம்மா. மரம்மா. அந்தக் கிளைதான்...”

“கிளை மேல கேஸ் போட முடியாதுக்கா,” என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. அவர் தோழிகளும் வரவில்லை. தோழிகளின் அக்கா தங்கைகளும் நின்றுபோனார்கள். ஊர் முழுக்க விஷயம் தெரிந்த கையோடு அண்ணியிடமிருந்து ஃபோன் வந்தது.

“கேள்விப்பட்டேன். எதுக்கு அவஸ்தைப்படுற? இங்க ஏசி இருக்கு. துடைப்பம் நீ வெச்ச எடத்துலதான் இருக்கு. வந்துடு.”

அன்று சாயங்காலம் அக்கா அழுதார். அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தப் பிரச்சினையையும் மேலேயோ கீழேயோ அனுப்பித் தீர்த்துவிடலாம் என்று நம்புகிறவர்.

“ஒரு ரம்பம் எடுத்துட்டு வரேன். ஒரே கிளைதானே?”

“மரத்துல வாரியத்தோட தகடு அடிச்சிருக்கு. போன வருஷம் டீக்கடைக்காரர் ஒரு குச்சியை ஒடிச்சதுக்கு, மரத்துக்கிட்ட மைக் வெச்சு மன்னிப்புக் கேக்க வெச்சாங்க. மறந்துட்டீங்களா?”

“அப்ப வாரியத்துக்கே போ. மேல போய் கேட்டாத்தான் கீழ நடக்கும்.”

மறுநாள் அக்கா வாரியத்துக்குப் போனார். உள்ளே நுழைந்ததும் பல் கிட்டியது. அந்தக் குளிர்நாட்டு அலுவலகம் எவ்வளவு குளிராக இருந்ததோ அதே அளவுக்கு இதையும் ஏசி போட்டு வைத்திருந்தார்கள். எல்லோரும் ஸ்வெட்டரில் இருந்தார்கள். வரவேற்பில் இருந்தவர் கழுத்துத் துண்டைத் தளர்த்திக்கொண்டு கேட்டார்.

“என்ன விஷயம்?”

“தும்மல் சார்.”

“எந்தப் பருவத்துத் தும்மல்?”

“இப்ப வர்ற தும்மல் சார். மரத்துல பூ இருக்குது, அதனால.”

“பூவா?” அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “பூன்னா அது வசந்தம். நேரா போய் கடைசி அறை. போறதுக்கு முன்னாடி கதவைத் தட்டுங்க. அவருக்குப் பழக்கமில்ல, பயந்துடுவாரு.”

வசந்தப் பிரிவு அலுவலர் நல்ல அடர்த்தியான புருவம் வாய்த்தவர். அக்கா முதலில் பார்த்தது அதைத்தான், தொழில் புத்தி. அவர் எழுந்து நின்று வரவேற்றார். எதிரே இருந்த நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைத் தன் கையாலேயே கிழித்தார்.

“உட்காருங்க, உட்காருங்க! இதுல இதுவரைக்கும் யாருமே உட்கார்ந்ததில்ல. டீ சொல்லட்டுமா? நீங்கதான் முதல் புகார். நான் இந்தப் பிரிவுல சேர்ந்தப்போ எனக்குக் கல்யாணம்கூட ஆகல. இப்ப பொண்ணுக்கே ஆயிடுச்சு.”

“சார், கடை ஜன்னலுக்குள்ள ஒரு கிளை வருது. அதை வெட்டிவிட்டா போதும். இல்லேன்னா கடையை மூட வேண்டியதுதான்.”

“கண்டிப்பா வெட்டலாம். ஒவ்வாமைப் பருவம் அறிவிச்சுட்டா, வீடு கடைக்குள்ள வர்ற கிளையை வெட்டலாம்னு விதியே இருக்கு. அந்தக் கையெழுத்து நான்தான் போடணும்.” அலுவலர் சட்டைப்பையில் இருந்த பேனாவை ஆசையாகத் தொட்டுக்கொண்டார்.

“அப்ப போடுங்க சார்.”

“பருவம் வரட்டும்மா.”

“எப்ப வரும்?”

“வசந்தத்துலதான் வரும்.”

“வசந்தம் எப்ப வரும்?”

அலுவலர் சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஜன்னல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு படம் மாட்டியிருந்தது. “பனி உருகினதும் வரும்னு விதிமுறைப் புத்தகம் சொல்லுது. நானும் காலையில வந்ததும் விசாரிக்கிறேன். இன்னும் உருக ஆரம்பிக்கலையாம்.”

“இங்க எங்க சார் பனி இருக்கு?”

“அதுதாம்மா சிக்கலே. இருந்தாத்தானே உருகும்?”

அவர் மோசமான ஆள் இல்லை. அக்காவின் முகம் வாடியதைப் பார்த்ததும் அவர் முகமும் வாடிவிட்டது. விதிமுறைப் புத்தகத்தை எடுத்து இன்னொரு வழி இருப்பதைக் காட்டினார். மகரந்தக் கருவி காட்டினாலும் பருவத்தை அறிவிக்கலாம். கருவி காட்டாவிட்டால், அந்தந்தப் பிரிவு அலுவலர் தம் சொந்த மூக்கால் உணர்ந்து அறிவிக்கலாம்.

“அப்ப நீங்க ஒரு தடவை வந்து உணர்ந்துட்டுப் போங்களேன் சார். இங்கேர்ந்து பஸ்ல ஏறினா வந்துடலாம்.”

“வெளிப்பணிக்கு அனுமதி வேணும். பருவம் அறிவிச்சாத்தான் அனுமதி கொடுப்பாங்க.” சொல்லிவிட்டு அவரே கொஞ்ச நேரம் அதை யோசித்துப் பார்த்தார். “வாங்க, கருவியைக் காட்டுறேன்.”

கருவி ஒரு பெரிய கூடத்தின் நடுவில் கண்ணாடிப் பேழைக்குள் இருந்தது. பக்கத்தில் வெள்ளைக் கையுறை போட்ட காப்பாளர் மெல்லிய துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முள் பூஜ்யத்தில் நின்றது. கூடத்தில் ஒரு ஜன்னல்கூட இல்லை.

“இதை வெளியில வெச்சாத்தானே சார் வெளியில என்ன இருக்குன்னு தெரியும்?” என்று அக்கா கேட்டார்.

காப்பாளருக்குக் கோபம் வந்துவிட்டது. “வெளியில வெக்கிறதா? ஒரே ஒரு தடவை, வந்த புதுசுல, மொட்டைமாடியில வெச்சோம். மஞ்சள் மஞ்சளா என்னென்னமோ வந்து படிஞ்சு முள்ளு ஒரு பக்கமா போய் ஒட்டிக்கிச்சு. அதைத் துடைச்சு எடுக்கறதுக்குள்ள நாங்க பட்ட பாடு! இப்ப பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு. இதுவரைக்கும் ஒரு தப்பு அளவு காட்டினதில்ல.”

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று அக்காவைக் கருவியின் முன்னால் நிற்கவைத்துத் தும்மச் சொன்னார்கள். அக்கா மூக்கைச் சுருக்கினார், விளக்கை அண்ணாந்து பார்த்தார், கிளையை மனசில் நினைத்துக்கொண்டார். வரவில்லை. எப்படி வரும்? அந்தக் கூடத்தில் தூசி நுழைந்தால் அதற்கே அடையாள அட்டை கேட்பார்கள். “மனுதாரர் தும்மவில்லை” என்று காப்பாளர் பதிவு செய்துகொண்டார்.

அதற்காக அக்கா விட்டுவிடவில்லை. கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் வாரியத்துக்குப் போனார். இப்போது கடையில் ஆள் இல்லாத நேரம்தான் அதிகம். ஒரு நாள் கிளையிலிருந்து தானாக உதிர்ந்த குஞ்சத்தையே ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்; வாசலிலேயே பிடுங்கிக்கொண்டு, வாரியத்துக்குள் மகரந்தம் கொண்டுவரக் கூடாது என்று எச்சரித்து அனுப்பினார்கள். இன்னொரு நாள் கணவரும் கூட வந்தார். கட்டிடத்தின் லிஃப்ட் பாதியில் நிற்பதைப் பார்த்ததும் வந்த வேலையை மறந்து அதைச் சரி செய்துவிட்டு, எல்லோரும் நன்றி சொன்ன சந்தோஷத்தில் வீடு திரும்பினார்.

கடைசியில் புகார் இயக்குநரம்மாவின் காதுக்கே போய்விட்டது. வாரியத்தின் ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்த நேரம். “மகரந்தமற்ற நகரம்” என்ற விருதை வாரியம் அந்த வருஷமும் தனக்குத் தானே வழங்கிக்கொள்ள இருந்தது. இந்த நேரத்தில் ஒருத்தி தும்மிக்கொண்டு திரிவது நன்றாகவா இருக்கும்? விழா நாளன்று காலையில் இயக்குநரம்மா நேராகக் கடைக்கே வந்து இறங்கினார். கூடவே உதவி இயக்குநரும், மாலையும் கையுமாக வந்திருந்த ஓட்டுநரும்.

“நீங்கதானா அது? எனக்கும் விழாவுக்கு ஐப்ரோ பண்ணணும். நான் உட்கார்றேன், நீங்க பண்ணுங்க. தும்மல் வருதா இல்லையான்னு நானே பாத்துடறேன். இன்னிக்கே இந்த ஃபைலை மூடிடலாம்.”

“வேணாம்மா. ஜன்னலையாவது சாத்திடறேன்மா.”

“ஏன் சாத்தணும்? இயல்பு நிலையில ஆய்வு பண்ணணும்னு விதி.” இயக்குநரம்மா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அக்கா வேறு வழியில்லாமல் நெற்றியில் பவுடரைப் போட்டார். நூலைக் கடித்தார். வலது புருவம் நல்லபடியாக முடிந்தது. இன்று தப்பித்தேன் என்று இடது புருவத்தில் நூலை வைத்தார். அதுவரை சும்மா இருந்த காற்று அப்போதுதான் கிளம்பியது. கிளை ஒரு ஆட்டம் ஆடியது.

தும்மல் ஒன்று, அது முடிவதற்குள் அடுத்தது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மற்றொன்று. அக்கா கண்ணைத் திறந்து பார்த்தபோது இயக்குநரம்மாவின் இடது புருவம் பாதிதான் இருந்தது. மீதி நூலில் இருந்தது.

உதவி இயக்குநர் கூரையைப் பார்த்தார். அக்காவின் மனசில் துடைப்பம்தான் ஓடியது. இயக்குநரம்மா கண்ணாடியை வாங்கி, முகத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“இது எதனால போச்சு?” என்று நிதானமாகக் கேட்டார்.

“மகரந்தத்தால மேடம்,” என்று ஓட்டுநர் உண்மையைச் சொல்லிவிட்டார். உதவி இயக்குநர் அவர் காலை மிதித்தார்.

“நகரத்துல மகரந்தம் இல்ல. இன்னும் கொஞ்ச நேரத்துல அதுக்குத்தான் விருது வாங்கப் போறேன். இல்லாத ஒண்ணால புருவம் எப்படிப் போகும்?” இயக்குநரம்மா மறுபடி நாற்காலியில் சாய்ந்தார். “மிச்சத்தையும் எடுத்துடுங்க. நானாத்தான் எடுக்கச் சொன்னேன். புரியுதா?”

அந்த விழாவுக்கு நானும் போயிருந்தேன். மேடை முழுக்கத் துணியில் செய்த பூக்கள். இயக்குநரம்மா ஒற்றைப் புருவத்தோடு ஒலிபெருக்கியின் முன்னால் வந்து நின்றதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அவர் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார்.

“பெரியோர்களே, நண்பர்களே! என் முகத்தை நீங்கள் வியப்போடு பார்க்கிறீர்கள். நன்றாகப் பாருங்கள். என் வலது புருவம் இயற்கையைக் குறிக்கிறது. அது இருக்கிறது. என் இடது புருவம் நம் நகரின் மகரந்தத்தைக் குறிக்கிறது. அது இல்லை! சென்ற ஆண்டும் மகரந்தம் இல்லை என்றோம். ஆனால் அதை உங்கள் கண்ணுக்கு நேராகக் காட்ட முடியவில்லை. இந்த ஆண்டு காட்டிவிட்டோம். சிலர் கேட்கிறார்கள், மக்கள் ஏன் தும்முகிறார்கள் என்று. நான் சொல்கிறேன்: தும்முவது மக்களின் உரிமை. அதை இந்த வாரியம் ஒருநாளும் தடுத்ததில்லை, இனியும் தடுக்காது. நம் கருவி பூஜ்யம் காட்டுகிறது. அதைவிடக் குறைவாகக் காட்ட முடியுமா என்று ஆராயக் குழு அமைத்திருக்கிறோம்!”

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உணர்ச்சிவசப்பட்டாரா, கண்ணில் ஏதாவது விழுந்ததா, தெரியவில்லை.

மறுநாள் காலையில் அக்கா கடையைத் திறக்க வந்தபோது வாசலில் வரிசை நின்றது. முதலில் உதவி இயக்குநர். அவருக்குப் பின்னால் கோடைப் பிரிவு, இலையுதிர்ப் பிரிவு, கணக்குப் பிரிவு. வெள்ளைக் கையுறையோடு கருவிக் காப்பாளரும் இருந்தார்.

“எனக்கும் இடது புருவம்,” என்றார் உதவி இயக்குநர். “மேடத்துக்கு எடுத்த மாதிரியே.”

“எதுக்கு சார்?”

“கொள்கைக்கும்மா.”

ஒருத்தர் எடுத்துக்கொண்டால் மற்றவர் சும்மா இருக்க முடியுமா? எடுக்காதவனை மேலிடம் என்ன நினைக்கும்? அக்கா இரண்டு மூன்று நாள் எடுத்துத் தள்ளினார். அவர் தும்மினாலும் பாதகமில்லை. போக வேண்டியதுதானே போகிறது. ஜன்னலருகே படுத்திருந்த அதிகாரிகளும் தும்மித் தீர்த்தார்கள். உதவி இயக்குநர் அதை ஜலதோஷம் என்றார். காப்பாளர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். கோடைப் பிரிவு அலுவலர் ஆறு தடவை தும்மிவிட்டு, இது நிச்சயமாகக் கோடைத் தும்மல் இல்லை, ஆகவே தமக்கு இதில் அதிகாரம் இல்லை என்றார்.

கடை நிறைந்திருந்தது. அக்காவின் மனசுதான் நிறையவில்லை. கை தவறிப்போனதையே கை வேலையாகச் செய்யச் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? அதைவிடப் பெரிய தலைவலி ஒன்று வந்து சேர்ந்தது. கடைக்குள் ஆள் ஆளாக இரண்டு புருவத்தோடு போய் ஒற்றைப் புருவத்தோடு வெளியே வருவதைத் தெரு பார்த்துக்கொண்டிருந்தது. அக்காவுக்கு இப்போது கை முற்றிலும் போய்விட்டது என்று பேச்சுக் கிளம்பி, மிச்சமிருந்த இரண்டொரு வாடிக்கையாளர்களும் எதிர்ச்சாரியில் நடக்க ஆரம்பித்தார்கள்.

“வாரியத்துல இன்னும் எத்தனை பேரு பாக்கி?” என்று கணவர் கேட்டார்.

“ஒருத்தர்தான். அவரும் வந்துட்டுப் போயிட்டா நாளையிலேர்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்.” அண்ணியிடமிருந்து அன்று இரண்டு தடவை ஃபோன் வந்திருந்தது. அக்கா எடுக்கவில்லை. நாளைக்கு எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தார்.

பாக்கி இருந்தவர் வசந்தப் பிரிவு அலுவலர். மத்தியானம் தயங்கித் தயங்கி வந்தார். வீட்டிலிருந்து அலுவலக வண்டி, வண்டியிலிருந்து அலுவலகம், மறுபடி வண்டி என்றே காலம் தள்ளியவர். கண்ணாடி ஏற்றாத ஜன்னல் ஒன்றின் பக்கத்தில் அவர் உட்காருவது அதுவே முதல் தடவையாக இருக்கலாம்.

“என்ன சார், நீங்களுமா?” அக்காவுக்கு மெய்யாகவே வருத்தமாக இருந்தது. “எவ்வளவு அழகான புருவம் சார் உங்களுக்கு.”

“என் வீட்டுக்காரியும் அதான் சொன்னா. என்ன பண்றது? காலையில கான்டீன்ல என் பக்கத்துல யாருமே உட்காரல.” அவர் சாய்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டார். “வலிக்குமா?”

“முடி போறது வலிக்காது சார்,” என்று சொல்லி அக்கா நூலைப் பல்லில் கடித்து, இரண்டு கையிலும் முறுக்கிப் புருவத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

காற்று வந்தது. இந்தத் தடவை அக்காவுக்குத் தும்மல் வரவில்லை. அலுவலரின் மூக்கு துடித்தது. வாய் மெல்லத் திறந்தது. முகம் முழுக்க ஒரு திகைப்பு. பிறகு அந்த அறையே அதிரும்படி ஒரு தும்மல். கண்ணாடியில் ஒட்டியிருந்த பொட்டு ஒன்று கீழே விழுந்தது. அவர் எழுந்து உட்கார்ந்தார். மறுபடி தும்மினார். கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர். மூக்கு பழமாகச் சிவந்துவிட்டது.

“அக்கா,” என்றார். குரல் உடைந்திருந்தது. “இதுவா?”

“இதுதான் சார்.”

“இதுதானா வசந்தம்?”

அக்கா நூலை வாயிலிருந்து எடுத்தார். ஜன்னல் வழியாகக் கிளையைப் பார்த்தார். எரிச்சலோடு மட்டுமே பார்த்துப் பழகிய கிளை. “எங்க ஊருக்கு இவ்வளவுதான் சார் வசந்தம்,” என்றார்.

அலுவலர் அழுதார். மகரந்தத்தால் வந்த கண்ணீரும் அதுவாகவே வந்த கண்ணீரும் கலந்து ஓடின. பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மை உறைந்துபோயிருந்தது. உதறினார், ஊதினார், உள்ளங்கையில் தேய்த்தார். கடைசியில் அக்கா புருவ ஓரம் குறிக்க வைத்திருந்த கறுப்புப் பென்சிலை எடுத்துக் கொடுத்தார். நகரில் வசந்தம் வந்துவிட்டதாகவும், அதைத் தாம் சொந்த மூக்கால் உணர்ந்ததாகவும், ஜன்னலுக்குள் வரும் கிளையை உடனே வெட்ட வேண்டும் என்றும் எழுதி, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கையெழுத்துப் போட்டார். இரண்டு புருவத்தோடு எழுந்து போனார்.

வாரியத்தில் என்ன நடந்தது என்று லிஃப்ட் பார்க்கப் போன அக்காவின் கணவர்தான் வந்து சொன்னார். ஒற்றைப் புருவக்காரர்கள் அத்தனை பேரும் கூடி உட்கார்ந்து, அந்த உத்தரவை எப்படி ரத்து செய்வது என்று விதிமுறைப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டியிருக்கிறார்கள். வசந்தத்தை ரத்து செய்ய விதியே இல்லை. அந்தக் குளிர்நாட்டில், வந்த வசந்தத்தை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தோன்றியிருக்காது.

மறுநாள் ஏணியோடு ஆட்கள் வந்து கிளையை வெட்டினார்கள். மரத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே தன்பாட்டுக்கு நின்றது. காலை அறிவிப்பில், “இன்று நகரில் மகரந்தம் இல்லை, அதன் பருவம் மட்டும் வந்துள்ளது,” என்று படித்தார்கள். அன்று சாயங்காலம் புதிதாக ஊருக்கு வந்த ஒரு டீச்சர், விஷயம் ஒன்றும் தெரியாமல் கடைக்குள் நுழைந்து உட்கார்ந்தார். அக்கா நிதானமாக நூலை ஓட்டினார். இரண்டு புருவமும் ஒன்றையொன்று பார்த்து எழுதியதுபோல் அமைந்தன. டீச்சர் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார். தெரு அதையும் பார்த்தது. அண்ணியின் ஃபோன் வந்தபோது அக்கா எடுத்து, “கையில வேலை இருக்கு அண்ணி,” என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்கு அதைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சில வாரம் கழித்து வசந்தப் பிரிவு அலுவலர் கடைக்கு வந்தார். புருவம் திருத்த வரவில்லை; சும்மா பார்க்க வந்தாராம்.

“மாத்திட்டாங்கக்கா. அனுமதி இல்லாம வசந்தத்தைக் கொண்டுவந்ததுக்குத் தண்டனை. குளிர்காலப் பிரிவுல போட்டிருக்காங்க.”

அக்கா கையிலிருந்த நூலைக் கீழே வைத்தார். “என்னாலதானே சார்?”

“சேச்சே! அதெல்லாம் நினைக்காதீங்க.” அவர் மறுத்தார். ஆனால் குரலில் சுரத்து இல்லை. ஒரு தடவை கையெழுத்துப் போட்டுப் பழகிய கை. மேசை மேல் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்றார். எழுந்து வாசல் வரை போனவர் திரும்பி நின்று, கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டார். “குளிர் சம்பந்தமா... இந்தப் பனி, உறைபனி அந்த மாதிரி... உங்களுக்கு ஏதாவது தொந்தரவு இருக்கா?”

அக்கா யோசித்தார். வெளியே வெயில் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

“இருக்கு சார். எங்க வீட்டு ஃப்ரிட்ஜுல மேல்தட்டு பூரா உறைஞ்சு கெடக்கு. ஐஸ் வெக்கிற தட்டு உள்ள மாட்டிக்கிட்டு வரவே மாட்டேங்குது.”

அலுவலர் விடுவிடென்று உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பதறாம சொல்லுங்கக்கா,” என்றார். “எப்பலேர்ந்து?”